பதினைந்து, முப்பது... நாற்பத்தைந்து எங்கே போனது?

டென்னிஸில் ஒரு கேமை வெல்ல நான்கு பாயின்ட் எடுக்க வேண்டும்; எதிராளியைவிட இரண்டு கூடுதலாகவும் இருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். அதை 1, 2, 3, 4 என்று எண்ணினாலும் ஒரு பந்துகூட வேறு மாதிரி அடிக்கப்படாது. ஆனால் அம்பயர் சொல்வதோ லவ் (அதாவது பூஜ்யம்), 15, 30, 40. முதல் இரண்டு படி பதினைந்து பதினைந்தாக ஏறுகிறது, மூன்றாவது படிக்கு மட்டும் பத்துதான். கூட்டிக் கழித்துப் பார்க்க இதில் ஒன்றுமில்லை. தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால் 'ஒன்று' என்றா சொல்கிறோம்? 'தாயம்' என்கிறோம். அதுபோல முதல் பாயின்டின் பெயர் 15. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

இணையத்தில் அதிகம் சுற்றும் பதில் கடிகாரக் கதை. பழைய காலத்தில் கோர்ட்டின் ஓரத்தில் கடிகார முகப்பு ஒன்று இருந்ததாம். ஒரு பாயின்டுக்கு முள்ளைக் கால் வட்டம் நகர்த்துவார்களாம்: 15, 30, 45, 60. இருவரும் மூன்று மூன்று பாயின்டில் சமமாக நிற்கும் டியூஸ் வந்தால், அதற்கு அடுத்த பாயின்டான அட்வான்டேஜுக்கு 45க்கும் 60க்கும் நடுவே இடம் போதாது என்று 45ஐ 40 ஆக்கி, அட்வான்டேஜுக்கு 50 வைத்தார்களாம். கேட்க அழகாக இருக்கிறது. 40க்கும் பதில் சொல்லிவிடுகிறது, டியூஸுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. இப்படி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கிவிடும் கதையைக் கண்டால் முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

15, 30, 45 என்ற எண்ணிக்கை 15ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் புழங்கியது. அன்று ஊர்க் கோபுரங்களில் இருந்த கடிகாரங்களில் மணிமுள் மட்டுமே இருந்தது. நிமிடமுள் பரவலானது டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகுதான். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் கோர்ட்டில் நின்றவருக்கு வட்டத்தின் கால் பங்கைப் பார்த்தால் மூன்று மணிதான் நினைவுக்கு வரும், 15 வராது. கதையின் பின்பாதியும் நிற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய விதிப் புத்தகத்தில் 45ம் இருக்கிறது, இரண்டு பாயின்ட் வித்தியாசத்தில் முடிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இரண்டும் அருகருகே சிக்கலின்றி வாழ்ந்தன. அட்வான்டேஜுக்கு இடம் விடுவதற்காக 45ஐ யாரும் குறைக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கதை அடிக்கணக்கு. பாயின்ட் எடுத்தவர் 15 அடி முன்னேறி சர்வ் போடுவார், அடுத்து இன்னொரு 15, அதற்குமேல் வலை நெருங்கிவிடுவதால் 10 மட்டும் என்பது. பழைய ஆட்டத்தில் சர்வ் எப்போதும் கோர்ட்டின் ஒரே பக்கத்திலிருந்துதான் போடப்பட்டது என்பதைத் தெரிந்தவர் இதைச் சொல்லமாட்டார்.

அந்தப் பழைய ஆட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். பிரெஞ்சில் அதன் பெயர் ஜு த போம், 'உள்ளங்கை ஆட்டம்'. தொடக்கத்தில் வெறுங்கையால் அடித்தார்கள், பிறகு கையுறை, அதற்குப் பிறகு ராக்கெட். மடங்களின் முற்றங்களிலும் தெருக்களிலும் ஆடியது, பின்னர் அரசர்களின் நாலு சுவர்க் கூடங்களுக்குள் போனது. பிரெஞ்சு மன்னர் பத்தாம் லூயி 1316இல் இறந்தது வென்சன் அரண்மனையில் இந்த ஆட்டத்தைக் கடுமையாக ஆடிவிட்டுக் குளிர்ந்த ஒயின் குடித்ததால் என்று சொல்வார்கள். 1789இல் வெர்சாயில் மக்கள் பிரதிநிதிகள் கூடிச் சத்தியம் செய்த 'டென்னிஸ் கோர்ட்' இத்தகைய கூடம்தான். ஆங்கிலேயர் இன்று இதை 'ரியல் டென்னிஸ்' என்கிறார்கள். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இன்றும் ஆடுகிறார்கள். நாம் டிவியில் பார்ப்பது இதன் பேரப்பிள்ளை.

இந்த ஆட்டத்தின் எண்ணிக்கைக்கு எழுத்துச் சாட்சி நல்ல இடத்திலிருந்து கிடைக்கிறது. ஆர்லியன்ஸ் பிரபு சார்ல் 1415இல் அஜின்கோர்ட் போரில் பிடிபட்டு, 25 ஆண்டு இங்கிலாந்தில் கைதியாக இருந்தவர், நல்ல கவிஞர். 1394இல் பிறந்தவர். முதுமையோடு தான் போம் ஆடிக்கொண்டிருப்பதாகவும் இப்போது தன் கணக்கு 45 என்றும் ஒரு பாடலில் சொல்கிறார். வயதும் 45, ஸ்கோரும் 45. சிலேடை என்றால் கேட்பவருக்கு இரண்டு பொருளும் விளக்கமின்றிப் புரிய வேண்டும். ஆக 1440ஐ ஒட்டிய காலத்தில் 45 என்றால் 'இன்னும் ஒன்று போனால் கேம் முடிந்தது' என்பது படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த சாட்சி டச்சு அறிஞர் எராஸ்மஸ். 1522இல் மாணவர்களுக்கு லத்தீன் பேச்சு பழக்க அவர் எழுதிய உரையாடல்களில் ஒன்று பந்தாட்டம் பற்றியது. முப்பது எடுத்தோம், நாற்பத்தைந்து எடுத்தோம் என்கிறான் ஒருவன். காசா என்று கேட்கிறான் மற்றவன். இல்லை, எண்கள். எண்ணுவதற்கு ஒன்றுமில்லாதபோது எண் எதற்கு என்று மடக்குகிறான். கேலிக்காக எழுதியதுதான், ஆனால் இந்த விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. கேட்டவுடன் அந்தப் பையனுக்குத் தோன்றியது காசு.

ஏன் 15 என்று உட்கார்ந்து யோசித்து எழுதியவர்களில் முக்கியமானவர்கள் இருவர். இத்தாலியரான அன்டோனியோ ஸ்காயினோ 1555இல் பந்தாட்டத்தைப் பற்றி முழு நூலே எழுதினார். அவர் சொல்லும் வெற்றிகள் மூன்று வகை. சாதாரண வெற்றிக்குப் பந்தயம் ஒரு மடங்கு. எதிராளிக்கு ஒன்றுகூடக் கொடுக்காமல் நான்கும் எடுத்தால் இரு மடங்கு. தான் ஒன்றும் எடுக்காமல் எதிராளி 45இல் நிற்கும்போது, அங்கிருந்து தொடர்ந்து ஐந்து அடித்து வென்றால் மும்மடங்கு. அந்த மூன்றையும் ஐந்தையும் பெருக்கினால் 15 என்பது அவர் கணக்கு. விளக்கம் வலிந்து சொன்னதுதான், நான் ஏற்கவில்லை. ஆனால் போகிற போக்கில் அவர் காட்டும் காட்சி முக்கியம்: ஒவ்வொரு கேமும் பணம் கைமாறும் கணக்காகவே இருந்திருக்கிறது.

மற்றவர் ஜான் கொஸ்லன், பிரெஞ்சு அரசரின் நூலகக் காப்பாளர், வானியல் ஆர்வலர். 1579இல் ஒரு சிறு நூலில் அவர் சொன்னது: வட்டத்தின் ஆறில் ஒரு பங்கு 60 பாகை, அதை நான்காகப் பிரித்தால் பதினைந்து பதினைந்தாக வரும், ஆட்டக் கணக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். நில அளவையிலிருந்து வந்திருக்கலாம் என்று இன்னொரு யோசனையும் வைக்கிறார். வானத்தை அளப்பவருக்குப் பந்தாட்டத்திலும் பாகைதான் தெரியும் போலிருக்கிறது. இந்த இருவரிடமிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஆட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில், அரண்மனைக்குள்ளேயே இருந்தவர்களுக்கே மூலம் மறந்துவிட்டிருந்தது. இருவரில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஜெர்மானிய ஆய்வாளர் ஹைனர் கில்மைஸ்டர் முன்வைத்ததுதான் என் பார்வையில் ஆண்டுக்கணக்கோடு ஒத்துப்போகும் விளக்கம். பிரான்ஸில் ஒன்பதாம் லூயி 1266இல் வெளியிட்ட 'குரோ தூர்னுவா' என்ற வெள்ளி நாணயம் ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியானது. வெளியானபோது அதன் மதிப்பு 12 டெனியர். டெனியர் சிறுகாசு, அதில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனதால் பெரிய நாணயத்தின் மதிப்பு ஏறி 15 டெனியரைத் தொட்டது. அதே காலத்தில் ஜெர்மன் நகரங்களில் சூதாட்டத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது, பந்தயம் 60 டெனியரைத் தாண்டக்கூடாது என்பது போல. பாயின்டுக்கு ஒரு வெள்ளி நாணயம், கேமுக்கு நான்கு: 15, 30, 45, 60. அறுபதில் கேமும் முடிகிறது, சட்டம் அனுமதித்த பந்தயமும் முடிகிறது. இது இறுதித் தீர்ப்பு அல்ல. ஆட்டத்துக்குக் காசு கட்டிய விவரத்தை 15 என்ற எண்ணோடு நேரடியாக முடிச்சுப்போடும் ஓர் ஆவணம் வேண்டும். ஆனாலும் எராஸ்மஸின் மாணவனும் ஸ்காயினோவின் மும்மடங்கும் இந்தத் திசையைத்தான் காட்டுகின்றன.

இன்னொரு ஆதாரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 15, 30, 40 டென்னிஸின் தனிச்சொத்து என்று நினைப்பது தவறு. ஸ்பெயினின் வலென்சியாவில் தெருவில் வெறுங்கையால் ஆடும் பிலோட்டாவில் 15, 30, 'வால்', பிறகு கேம். பெல்ஜியத்தில் கையால் அடித்து ஆடும் பந்தாட்டத்திலும் இத்தாலியின் பலோனே வகை ஆட்டங்களிலும் இதே எண்ணிக்கை. இவற்றின் மைதான அளவுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. கடிகார முகப்பு எதிலும் இல்லை. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் 'காட்சன்' என்ற ஆட்டத்தில் எண்ணிக்கை 2, 4, 6 என்று போகிறது, எட்டில் கேம். எண்கள் வேறு, அமைப்பு அதுவே: நான்கு படி, ஒவ்வொரு படிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு. ஆட்டத்தை வாங்கிய ஊர் தன் கைக்காசுக்கேற்ப மதிப்பை மட்டும் மாற்றிக்கொண்டது போல இருக்கிறது.

இனி 40. இதில் மர்மமே இல்லை. பிரெஞ்சில் 45 என்பதைச் சொல்லிப் பாருங்கள்: 'கராண்த் சேங்க்'. சுவர்களுக்குள் பந்து எதிரொலிக்கும் கூடத்தில் ஸ்கோரை உரக்கக் கூவ வேண்டும். 40க்கும் 50க்கும் நடுவில் வேறு எண் இந்த ஆட்டத்தில் இல்லை என்பதால் வாலை வெட்டினாலும் குழப்பம் வராது. பதினைந்தை 'பத்து' என்று வெட்ட முடியாது, முப்பதில் வெட்ட ஒன்றுமில்லை. வெட்டக்கூடியது 45 ஒன்றுதான், அதுதான் வெட்டுப்பட்டது. ஒரே நாளில் நடந்ததும் அல்ல. 1579இல் கொஸ்லன் 45 என்றே எழுதுகிறார். 1591இல் லண்டனில் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில உரையாடல் நூலில் டென்னிஸ் ஆடுபவர்கள் 'உனக்கு நாற்பது' என்கிறார்கள். பேச்சில் 40, எழுத்தில் 45 என்று சில தலைமுறை ஓடியிருக்க வேண்டும்.

டியூஸ் என்பது பிரெஞ்சின் 'ஆ தோ', அதாவது 'இரண்டில்'. இருவரும் சமமாக நிற்கிறார்கள், வெல்ல இன்னும் இரண்டு வேண்டும். ஃப்ளோரியோவின் அதே உரையாடலில் டியூஸும் இருக்கிறது, அட்வான்டேஜும் இருக்கிறது. பிரெஞ்சு ஓப்பனில் அம்பயர் இப்போது 'எகாலிதே' என்று வேறு சொல்லைச் சொல்கிறார். ஆங்கிலம்தான் பழைய பிரெஞ்சைப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

'லவ்' விஷயத்தில் ஊரே நம்பும் கதை முட்டைக்கதை. பூஜ்யம் முட்டை வடிவம், பிரெஞ்சில் முட்டை 'லஃப்', அது லவ் ஆனது என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஸ்கோர் சொல்லும்போது முட்டை என்பதில்லை, 'ஸெரோ' என்கிறார்கள். தங்கள் சொல்லை அவர்களே பயன்படுத்தாமல் ஆங்கிலேயருக்குத் தானம் செய்தார்கள் என்றால் நம்ப முடியுமா? கிரிக்கெட்டில் டக் அவுட்டுக்கு வாத்து முட்டை வந்தது 19ஆம் நூற்றாண்டில். முட்டை யோசனை அங்கிருந்து பின்னோக்கி ஒட்டப்பட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் காசு வைக்காமல் சும்மா ஆடுவதை 'அன்புக்காக ஆடுவது' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் விஸ்ட் சீட்டாட்டத்திலேயே பூஜ்யத்துக்கு லவ் என்ற சொல் இருக்கிறது. கில்மைஸ்டர் இதை டச்சு மொழியின் 'லோஃப்' என்ற சொல்லோடு, அதாவது புகழுக்காக, மானத்துக்காக ஆடுவதோடு இணைக்கிறார். எப்படிப் பார்த்தாலும் பணத்தின் எதிர்ப்பதம்தான். பையில் ஒரு காசும் விழாதவர் லவ்வில் நிற்கிறார்.

பெயர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய ஆட்டத்தில் ஸ்கோர் சொல்வது எவ்வளவு சிக்கல் என்பதற்கு 'சேஸ்' என்ற விதியைப் பார்க்க வேண்டும். நம் டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் பட்டால் பாயின்ட் போச்சு. ரியல் டென்னிஸில் பல சமயம் அது உடனே போகாது. இரண்டாவது முறை பட்ட இடத்தைக் கோடுகளை வைத்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகு பக்கம் மாறி, அதே இடத்தைவிடப் பின்சுவருக்கு நெருக்கமாகத் தன் பந்தை விழவைக்க எதிராளி முயல்வார். முடிந்தால் பாயின்ட் அவருக்கு. அதாவது பாயின்ட் தீர்மானமாகாமல் நிலுவையில் நிற்கிறது. எப்போது பக்கம் மாறுவது? இரண்டு சேஸ் சேர்ந்ததும் மாறுவார்கள். யாராவது ஒருவர் கேமுக்கு ஒரு பாயின்ட் தூரத்தில், அதாவது 40இல் நின்றால், ஒரே சேஸ் இருந்தாலும் மாறியாக வேண்டும். சர்வ் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே என்பதால் பக்கம் மாறினால் சர்வும் கைமாறும். ஆக 40 என்ற அறிவிப்பு வெறும் ஸ்கோர் அல்ல, கோர்ட்டில் இருப்பவர்கள் இடம் மாறுவதற்கான உத்தரவும் கூட. மார்க்கர் என்ற நடுவர் கடைசிப் பாயின்டை எடுத்தவரின் எண்ணை முதலில் சொல்வார். சர்வ் போடுபவரின் எண்ணை முதலில் சொல்லும் நம் வழக்கம் புல்தரை டென்னிஸில் வந்தது.

அந்தப் புல்தரை டென்னிஸ் 15, 30, 40 இல்லாமல்தான் பிறந்தது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேஜர் வால்டர் விங்ஃபீல்ட் 1874இல் காப்புரிமை வாங்கிப் பெட்டியில் போட்டு விற்ற ஆட்டத்தில் ராக்கெட்ஸ் என்ற சுவராட்டத்தின் கணக்குதான் இருந்தது: 15 பாயின்டுக்கு ஒரு கேம், சர்வ் போடுபவர் மட்டுமே பாயின்ட் எடுக்கலாம். பழைய பேட்மின்டன் நினைவிருக்கிறதா? 2006 வரை பேட்மின்டனில் இருந்தது இதே கணக்கு. 1875இல் லண்டனின் கிரிக்கெட் கிளப்பான எம்சிசி வகுத்த விதிகளும் இதையே வைத்துக்கொண்டன. அதே பாதையில் போயிருந்தால் இன்று டென்னிஸும் '11–9, சர்வீஸ் ஓவர்' என்று போய்க்கொண்டிருக்கும்.

திருப்பியவர்கள் மூன்று பேர். 1877இல் விம்பிள்டனில் முதல் போட்டி நடத்த ஆல் இங்கிலாந்து கிளப் ஹென்றி ஜோன்ஸ், ஜூலியன் மார்ஷல், சி. ஜி. ஹீத்கோட் ஆகியோரிடம் விதிகளை வகுக்கும் வேலையைக் கொடுத்தது. மார்ஷல் பழைய டென்னிஸின் வரலாற்றில் தோய்ந்தவர்; மறு ஆண்டே அதைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். இந்த மூவரும் ராக்கெட்ஸ் கணக்கைத் தூக்கிவிட்டு 15, 30, 40ஐயும், ஆறு கேம் எடுத்தால் ஒரு செட் என்ற முறையையும் கொண்டுவந்தார்கள். கோர்ட்டை 78 அடிக்கு 27 அடி செவ்வகமாக்கினார்கள். இன்றும் ஒற்றையர் கோர்ட்டின் அளவு அதுதான். ரியல் டென்னிஸில் 5–5 ஆனால் அடுத்த ஒரே கேம் செட்டைத் தீர்த்துவிடும்; 1877 விம்பிள்டனிலும் இறுதிப் போட்டி தவிர மற்றவற்றில் அப்படியே.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் போட்டியை வென்ற ஸ்பென்சர் கோர் ராக்கெட்ஸ் ஆட்டக்காரர். போட்டி முடிந்ததும் ஜோன்ஸ் ஸ்கோர் அட்டைகளை எல்லாம் சேர்த்து எண்ணினார். மொத்தம் 601 கேம். சர்வ் போட்டவர் வென்றவை 376, தோற்றவை 225. ஒரு கேம் முழுக்க ஒருவரே சர்வ் போடுவதால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது. சர்வ் பலம் அதிகம் என்று தெரிந்ததும் அவர்கள் எண்ணிக்கையைத் தொடவில்லை. வலையிலிருந்து 26 அடியில் இருந்த சர்வீஸ் கோட்டை 1878இல் 22 அடிக்கும் 1880இல் 21 அடிக்கும் இழுத்தார்கள். இன்றும் 21 அடிதான்.

பழைய கணக்கில் இன்னொரு வசதியும் இருந்தது, நம் டென்னிஸில் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. பலசாலியும் பலவீனரும் ஆடும்போது சமன்செய்யப் படிகளைக் கடனாகக் கொடுக்கலாம். '15 கொடுப்பது' என்றால் பலவீனர் ஒவ்வொரு கேமையும் 15–லவ் என்று தொடங்குவார். 'அரை 30' என்றால் ஒரு கேமில் ஒரு பாயின்ட், அடுத்ததில் இரண்டு, மாறி மாறி. '15 கடன்' என்றால் பலசாலி பூஜ்யத்துக்கு ஒரு படி கீழே நிற்பார். அவரது முதல் பாயின்ட் கடனுக்குப் போகும். 15ஐ ஆறாக வெட்டி, ஆறு கேமுக்கு ஒரு பாயின்ட் என்றுகூடக் கொடுத்தார்கள். 'பிஸ்க்' என்றொரு சலுகை உண்டு: செட்டில் எப்போது வேண்டுமானாலும் ஒரு பாயின்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவசரப்பட்டு முதல் கேமிலேயே கேட்டவர் பின்னால் வருந்துவார். பந்தயப் பணம் புரண்ட ஆட்டத்தில் இவையெல்லாம் அத்தியாவசியம். சரியாகக் கடன் கொடுத்தால்தான் பந்தயம் கட்ட ஆள் வரும்.

இத்தனைக்கும் பிறகு இந்தக் கணக்கு ஏன் தாக்குப்பிடித்தது? பெயர்களால் அல்ல, டியூஸால். ஒவ்வொரு பாயின்டையும் வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் உள்ளவர் ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு 62.3 சதவீதம். 60 சதவீதம் என்றால் 73.6. சிறு மேன்மையை அது பெரிதாக்கிக் காட்டுகிறது. டியூஸை எடுத்துவிட்டு 40–40இல் ஒரே பாயின்டில் முடித்தால் அந்த 73.6, 71 ஆகக் குறையும். இன்னொரு நுணுக்கம்: 30–30க்கும் டியூஸுக்கும் கணக்கில் எந்த வேறுபாடும் இல்லை, இரண்டிலும் இரண்டு பாயின்ட் முன்னே போக வேண்டும். 40–30ம் அட்வான்டேஜும் ஒன்றே. ஆனால் எந்தப் பாயின்ட் என்பது முக்கியம். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்தது 218, ஜோகோவிச் எடுத்தது 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு.

மாற்றத் துடித்தவர்களில் பெரியவர் அமெரிக்காவின் ஜிம்மி வான் ஆலன். அவரே பழைய உள்ளரங்க டென்னிஸில் சாம்பியன், ஆனாலும் 15–30ஐ வெறுத்தார். டேபிள் டென்னிஸ் போல 1, 2, 3 என்று 31 வரை எண்ணலாம் என்றார். அதை யாரும் வாங்கவில்லை. பரவலாக எடுபட்டது, செட்டில் கேம்கள் சமமானால் ஒரு குறு ஆட்டத்தில் முடிக்கும் அவரது டைபிரேக். 1970 அமெரிக்க ஓப்பனில் ஒன்பது பாயின்ட் வடிவில் வந்தது. இரண்டு வித்தியாசத்தில் ஏழு எடுக்கும் இன்றைய வடிவம் 1971இல் விம்பிள்டனில் 8–8இல் நுழைந்தது. கடைசி செட்டுக்கு மட்டும் விதிவிலக்கு நீடித்ததால்தான் 2010இல் இஸ்னரும் மஹுவும் 70–68 வரை மூன்று நாள் இழுத்தார்கள். மின்பலகை 47–47இல் நின்றுவிட்டது. 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் கடைசி செட் 6–6 ஆனால் பத்து பாயின்ட் டைபிரேக். டைபிரேக்கில் 1, 2, 3 என்றுதான் எண்ணுகிறார்கள். ஆக ஒரே செட்டுக்குள் இரண்டு எண்ணிக்கை ஓடுகிறது, யாருக்கும் உறுத்தவில்லை.

அமெரிக்கக் கிளப் கோர்ட்டுகளில் வார இறுதியில் ஆடுபவர்கள் பேசுவதைக் கவனித்தால் இன்னொன்று காதில் விழும். '15–லவ்' என்று முழுதாகச் சொல்லச் சோம்பல்பட்டு 'ஃபைவ்–லவ்' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 45இன் ஐந்தை வெட்டி நாற்பதை வைத்துக்கொண்டார்கள்; இவர்கள் 15இன் பத்தை வெட்டி ஐந்தை வைத்துக்கொள்கிறார்கள். எதிரே நிற்பவர் ஒரு நொடிகூடக் குழம்பாமல் அடுத்த சர்வுக்குத் தயாராகிறார்.